ஒரு முழத்துக்குப் பதினைந்து விநாடி

சாயங்காலம் ஆறரை மணிக்குச் சின்னக் கிண்ணத்தில் நல்லெண்ணெய் ஊற்றி, அதைச் சுடுதண்ணீர் உள்ள சொம்பின் வாயில் வைப்பேன். லேசாகச் சூடு ஏறியதும் என் முழங்கையின் உள்பக்கம் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பேன். சூடும் தெரியக்கூடாது, குளிர்ச்சியும் தெரியக்கூடாது. அப்புறம்தான் நைனாவின், அதாவது என் அப்பாவின், வலது கையைத் தூக்கி என் மடியில் வைத்துக்கொள்வேன். 2022 ஏப்ரலில் தொடங்கிய வழக்கம் இது. நான் ஊரில் இல்லாத நாட்களில் என் மகள் செய்துவிடுவாள்.

நைனா குடியாத்தத்தில் கைத்தறி நெய்தவர். ஐம்பது வருடம் குழித்தறியில் உட்கார்ந்து லுங்கி நெய்த கை அது. பாவில், அதாவது தறியில் நீளவாக்கில் ஓடும் நூலில், ஓர் இழை அறுந்தால் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னால் விரலுக்குத் தெரிந்துவிடும். கரண்ட் போன ராத்திரியில்கூட இருட்டில் தடவிப் பார்த்து அறுந்த இழையைப் பிணைத்துவிடுவார். கடையில் துணி எடுக்கப் போனால் விலைச் சீட்டைப் பார்க்கமாட்டார். ஓரத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து ஒருமுறை தேய்ப்பார். எத்தனையாம் நம்பர் நூல் என்று சொல்லிவிடுவார்.

அந்தக் கை என்னைத் தொட்டது எனக்கு நினைவில் இருப்பது ஒரே ஒரு முறைதான். எனக்கு ஆறு வயது. வைகாசி முதல் நாள், அம்மனின் சிரசை ஊர்வலமாகக் கொண்டுவரும் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. ஊரே தெருவில் நிற்கிறது. கூட்டத்தில் நசுங்கிவிடுவேன் என்று என்னைத் தோளில் ஏற்றிக்கொண்டார். கீழே விழாமல் இருக்க என் இரண்டு கணுக்காலையும் இறுக்கிப் பிடித்திருந்தார். அதற்குப் பிறகு நாற்பது வருடம். எனக்குக் காய்ச்சல் வந்தபோது வாசலில் நின்று "மாத்திர போட்டானா?" என்று அம்மாவிடம் கேட்டிருக்கிறார். என் கல்யாணத்தில் காலில் விழுந்தேன், தலைக்கு மேலே கையை நீட்டினார், கை தலையில் படவில்லை. அன்பில்லாதவர் என்று சொல்ல வரவில்லை. எங்கள் தெருவில் அப்பாக்கள் எல்லோரும் அப்படித்தான் இருந்தார்கள். வயசுக்கு வந்த பிள்ளையைத் தொடுவது என்பது அடிப்பதற்கு மட்டும்தான்.

2022 மாசி மாதம் ஒரு விடியற்காலை, நைனாவின் கையிலிருந்து காபி டம்ளர் நழுவி விழுந்தது. எடுக்கக் குனிந்தவர் அப்படியே சரிந்தார். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. பேச வந்தார், சத்தம்தான் வந்தது. தெருவே கூடிவிட்டது. "வாதம் அடிச்சிடுச்சு, புறா ரத்தம் தடவு" என்றார் ஒருவர். சொந்தக்காரர் ஒருவர் உடனே வண்டியை எடுத்துக்கொண்டு புறா வாங்கப் போனார். நானும் அவர் வரும்வரை காத்திருந்தேன். புறா ரத்தத்தைத் தடவி, காலை நீவிவிட்டு, இன்னொரு ஊரில் வைத்தியர் இருக்கிறார் என்று பேசிக்கொண்டிருந்ததில் வெயில் ஏறிவிட்டது. வேலூருக்குக் கொண்டுபோய்ச் சேர்த்து ஸ்கேன் எடுத்தபோது டாக்டர் கேட்ட முதல் கேள்வி, எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்பதுதான். மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டால், கட்டியைக் கரைக்கும் ஊசி போட நாலரை மணி நேரம்தான் கணக்கு. நாங்கள் அதைத் தாண்டியிருந்தோம்.

இதை முதலிலேயே எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. கையால் தொடுவதைப் பற்றி நல்லதாக நிறையச் சொல்லப்போகிறேன். அதைப் படித்துவிட்டு யாரும் ஆஸ்பத்திரிக்குப் பதிலாக எண்ணெய்க் கிண்ணத்தை எடுக்கக்கூடாது. வாய் கோணினால், ஒரு கை தூக்க முடியாமல் விழுந்தால், பேச்சு குழறினால் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். தொடுவது துணை மருத்துவம். மருத்துவம் நடந்துகொண்டிருக்கும்போது அதன் பக்கத்தில் நிற்பது. அன்று நாங்கள் துணையை முன்னால் விட்டுவிட்டு மருத்துவத்தைப் பின்னால் அனுப்பினோம். அந்த நேரம் எனக்குத் திரும்பி வராது.

இடது பக்க மூளையில் அடைப்பு. அதனால் வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் போயின. வார்டில் பதினொரு நாள் இருந்தோம். ஆறாம் நாளோ ஏழாம் நாளோ, அணைக்கட்டு என்ற ஊர்ப் பக்கத்திலிருந்து வரும் ஒரு சின்னப் பெண், பிசியோதெரபிஸ்ட், நைனாவின் கட்டிலில் உட்கார்ந்தாள். "தாத்தா, உங்க கைய எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டுவிட்டு, அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே காத்திருந்தாள். அவர் கண்ணை மூடித் திறந்த பிறகுதான் கையைத் தொட்டாள். அதுவரை அந்தக் கட்டிலுக்கு வந்தவர்கள் எல்லாம் அவரைத் தொட்டிருக்கிறார்கள்: ஊசி போட, புரட்ட, பிரஷர் பார்க்க. கேட்டுவிட்டுத் தொட்டது அவள் ஒருத்திதான். ஒரு விரலை உள்ளங்கையில் வைத்து, "இங்க தொடுறேன், பாருங்க" என்று அவரைப் பார்க்கவைத்தாள். பஞ்சு, சீப்பு, துண்டின் முரட்டு ஓரம் என்று ஒவ்வொன்றாகத் தேய்த்துக் காட்டினாள். மறந்துபோன கையை மூளைக்கு மறுபடி அறிமுகம் செய்துவைப்பது இது என்றாள்.

பிறகு என்னைப் பார்த்து, "அண்ணா, நீங்க செய்யுங்க" என்றாள்.

நான் கையை நீட்டினேன், நடுங்கியது. நைனா என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார். அந்தக் கை இவ்வளவு மெத்தென்று இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. தறி நாடா இழுத்துக் காய்த்துப்போன இடங்கள்கூட ஊறி இளகிவிட்டிருந்தன. எனக்கு அழுகை வந்துவிட்டது. அம்மா எழுந்து தண்ணீர் பிடிக்கப் போய்விட்டார்.

அந்தப் பெண் சொல்லிக்கொடுத்த எச்சரிக்கைகள் சில உண்டு. பக்கவாதம் வந்தவரைத் தூக்கும்போது செயலிழந்த கையைப் பிடித்து இழுக்கக்கூடாது, தோள்மூட்டு நழுவிவிடும். அது தெரியாமல் நாங்களும் இரண்டு நாள் அப்படித்தான் தூக்கினோம், அந்தத் தோள் வலி அவருக்கு மாதக்கணக்கில் இருந்தது. படுத்தே கிடப்பவருக்கு ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால் அதை அமுக்கவே கூடாது. உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம், தேய்த்தால் அது நகர்ந்து நுரையீரலுக்குப் போய்விடும், உயிருக்கே ஆபத்து. டாக்டரிடம்தான் போக வேண்டும். இடுப்பு எலும்பு, குதிகால் இங்கெல்லாம் தோல் சிவந்திருந்தால் தேய்த்துவிடலாம் என்று தோன்றும், அங்கேயும் தேய்க்கக்கூடாது. புண்ணாகும் தோல் அது. இரண்டு மணிக்கொருமுறை புரட்டிப் படுக்கவைப்பதுதான் வழி. உணர்ச்சி இல்லாத கையில் சுடுதண்ணீர் ஒத்தடம் வைக்கக்கூடாது.

இந்தக் கடைசி வார்த்தையைக் கேட்டதும் எனக்கு ஆயாவின், அதாவது என் பாட்டியின், தம்பி ஞாபகம் வந்தது. அவருக்குக் குஷ்டம் இருந்தது. கொதிக்கும் டம்ளரை அப்படியே பிடித்துக் குடிப்பார், விரல் வெந்தது தெரியாது. திண்ணையைத் தாண்டி உள்ளே வரமாட்டார். அவருக்குத் தனி டம்ளர், தனித் தட்டு, சுவரில் ஒரு ஆணி. வேலூர் பக்கத்திலுள்ள கரிகிரி தொழுநோய் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்துகொண்டிருந்தார். நாங்கள் பிள்ளைகள் அவர் பக்கத்தில் போனால் ஆயா அதட்டுவார். மருந்து சாப்பிட ஆரம்பித்தால் கொஞ்ச நாளிலேயே அந்த நோய் மற்றவருக்குத் தொற்றாது என்பது எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியவில்லை.

தொடுவதைப் பற்றிப் பேச வேலூரைவிடப் பொருத்தமான ஊர் உண்டா என்று தெரியவில்லை. 1946-ல் இங்குள்ள கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு (சி.எம்.சி.) வந்தவர் டாக்டர் பால் பிராண்ட், கொல்லிமலையில் பிறந்தவர். தொழுநோயில் விரல் தானாக அழுகி விழுவதில்லை, நரம்பு செத்து வலி தெரியாமல் போவதால் காயம் பட்டுப் பட்டுத்தான் தேய்கிறது என்று இங்கேதான் கண்டுகொண்டார். மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்றி அறுவை செய்து விரியவைத்தார். 1955-ல் தொடங்கிய கரிகிரி ஆராய்ச்சி மையத்திலும் அவருடைய வேலை தொடர்ந்தது. அவர் எழுதியிருக்கும் ஒரு விஷயம் எனக்கு மறக்காது. ஒரு நோயாளியின் தோளில் கையைப் போட்டு, செய்யப்போகும் சிகிச்சையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாராம். அந்த மனிதர் குலுங்கிக் குலுங்கி அழுதார். ஏதாவது தப்பாகச் சொல்லிவிட்டேனா என்று மொழிபெயர்த்தவரைக் கேட்டார். இல்லை, பல வருடமாக யாரும் அவர் மேல் கை போட்டதில்லை, அதனால் அழுகிறார் என்று பதில் வந்தது. ஆயாவின் தம்பி செத்தபோது அவர் தோளில் கை போட்ட ஒருவரும் எங்கள் குடும்பத்தில் இல்லை.

வீட்டுக்கு வந்த பிறகு ராத்திரியெல்லாம் இதைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் கணக்கு எழுதுகிறவன் நான், மருத்துவம் படித்தவன் இல்லை. படித்ததில் எனக்கு மிகவும் பிடித்தது ஸ்வீடன் ஆராய்ச்சியாளர்கள் செய்த வேலை. தோலில் தொடுகைக்கு இரண்டு வகை நரம்பு இருக்கிறது. ஒன்று வேகமானது, எங்கே தொடுகிறது, எது தொடுகிறது என்று சொல்வது. நைனா இழை பார்த்ததெல்லாம் அந்த நரம்பால். இன்னொன்று மெல்லியது, மெதுவாகச் செய்தி கொண்டுபோவது. அது உள்ளங்கையில் மிகக் குறைவு, முடி முளைக்கும் தோலில் அதிகம்: முன்கை, முதுகு, கன்னம். அது எதற்கு நன்றாகப் பதில் சொல்கிறது என்றால், மிதமான சூட்டில், அழுத்தாமல், விநாடிக்கு ஒன்றிலிருந்து பத்து சென்டிமீட்டர் வேகத்தில் வருடுவதற்கு. சுமார் மூன்று சென்டிமீட்டர்தான் அதற்கு மிகவும் பிடித்த வேகம். பொருளை அடையாளம் காண அது உதவாது. யாரோ நம்மைப் பிரியமாகத் தொடுகிறார்கள் என்பதை மூளைக்குச் சொல்வதுதான் அதன் வேலை.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். முழங்கையிலிருந்து நடுவிரல் நுனி வரை ஒரு முழம், சுமார் 45 சென்டிமீட்டர். விநாடிக்கு மூன்று என்றால் ஒரு முழத்துக்குப் பதினைந்து விநாடி. செய்து பாருங்கள், எவ்வளவு மெதுவானது என்று தெரியும். நான் முதலில் மாவு பிசைகிற மாதிரி தேய்த்துக்கொண்டிருந்தேன். வேகத்தைக் குறைத்த அன்று நைனாவின் தோள் கீழே இறங்கியது. அதுவரை அது காதருகே ஏறி நின்றிருந்ததே எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

கை வைத்தியம் தெரியாதே என்று தயங்குகிறவர்களுக்காக ஒன்று. 2008-ல் அமெரிக்காவில் முற்றிய புற்றுநோய் உள்ள 380 பேரிடம் ஒரு ஆய்வு நடந்தது. பாதிப் பேருக்கு முறைப்படி மசாஜ், மீதிப் பேருக்கு உடம்பில் சும்மா கையை வைத்திருப்பது மட்டும். செய்து முடித்த உடனே பார்த்தால் மசாஜ் கூடுதல் பலன் தந்தது. ஆனால் வெறுமனே கை வைக்கப்பட்டவர்களுக்கும் வலி குறைந்து, மனநிலை தேறியிருந்தது. நாள்பட்ட பலனில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. 2024-ல் வெளிவந்த இன்னொரு பெரிய தொகுப்பாய்வு, பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பன்னிரண்டாயிரம் பேருக்கு மேல் கணக்கில் எடுத்தது. எவ்வளவு நேரம் தொடுகிறோம் என்பதைவிட எத்தனை முறை தொடுகிறோம் என்பதுதான் பலனைக் கூட்டுகிறது என்று அதில் தெரிந்தது. வேலை முடித்துச் சாயங்காலம் வீட்டுக்கு வரும் ஒருவருக்கு இது நல்ல செய்தி. ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் வேண்டாம், தினமும் பத்து நிமிஷம் போதும்.

ரத்தம் எடுக்க ஆள் வரும்போதெல்லாம் அம்மா நைனாவின் இடது கையைப் பிடித்துக்கொள்வார். எனக்கு அது ஆச்சரியம். அவர்கள் இருவரும் ஒருவரை ஒருவர் தொட்டு நாங்கள் பார்த்ததில்லை. பிறகுதான் 2006-ல் வந்த ஒரு ஆய்வைப் படித்தேன். கல்யாணமான 16 பெண்களுக்கு, காலில் லேசாக ஷாக் அடிக்கப்போகிறது என்று சொல்லி மூளையை ஸ்கேன் செய்தார்கள். தனியாக இருக்கும்போது பயத்தில் வேலை செய்த மூளைப் பகுதிகள், கணவர் கையைப் பிடித்திருக்கும்போது அடங்கின. முன்பின் தெரியாத ஒருவர் கையைப் பிடித்தாலும் கொஞ்சம் அடங்கின, ஆனால் அந்த அளவுக்கு இல்லை. அம்மா இதையெல்லாம் படிக்கவில்லை. "ஊசி குத்துறப்ப அவரு நெஞ்சு படபடன்னு அடிக்குது, கையில தெரியுது" என்றார், அவ்வளவுதான்.

நடுவில் ஒருவரை அழைத்து வந்தார்கள். உடம்பைத் தொடமாட்டார், நாலு விரற்கடை மேலே கையை ஓட்டி உடம்பின் சக்தியைச் சரிசெய்வாராம். ஒரு தடவைக்கு மூவாயிரம் ரூபாய், பத்து தடவை வரவேண்டும் என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது. அமெரிக்காவில் எமிலி ரோசா என்ற ஒன்பது வயதுச் சிறுமி இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறாள். நடுவில் அட்டைத் தடுப்பு வைத்து, இப்படிச் செய்யும் 21 பேரின் கைகளில் ஒன்றுக்கு மேலே தன் கையை நீட்டி, எந்தக் கைக்கு மேலே இருக்கிறது என்று கேட்டாள். 280 முறையில் 123 முறைதான் சரியாகச் சொன்னார்கள். பூவா தலையா போட்டிருந்தாலே 140 வந்திருக்கும். 1998-ல் பெரிய மருத்துவ இதழில் அது வெளிவந்தது. தொடாமல் தொடுவதாகச் சொல்லி நோயாளி வீட்டில் காசு வாங்குவது தப்பு. நைனாவுக்கு வேண்டியிருந்தது தோலில் படுகிற ஒரு கை.

ஒரு நாள் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தபோது, இதே வேலையை நான் ஏற்கெனவே ஒருமுறை செய்திருக்கிறேன் என்று தோன்றியது. 2011-ல் என் மகள் எட்டாம் மாதத்திலேயே பிறந்துவிட்டாள். 1 கிலோ 650 கிராம். நர்ஸம்மா என் சட்டைப் பொத்தானைக் கழற்றச் சொல்லி, டயப்பரும் குல்லாவும் மட்டும் போட்ட பிள்ளையை என் நெஞ்சில் ஒட்டவைத்துத் துணியால் கட்டினார். கங்காரு முறை. 1978-ல் கொலம்பியா நாட்டு பொகோட்டாவில் இன்குபேட்டர் போதாமல், எட்கர் ரே என்ற டாக்டர் தொடங்கியது. என் மகளுக்குச் செய்தபோது நிலைமை தேறிய பிறகுதான் செய்தார்கள். 2021-ல் உலக சுகாதார நிறுவனம் இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் செய்த ஆய்வு வந்தது. 1 கிலோவிலிருந்து 1.8 கிலோவுக்குள் பிறந்த குழந்தைகளைப் பிறந்த உடனேயே நெஞ்சோடு சேர்த்தால், காத்திருந்து செய்வதைவிட இறப்பு நான்கில் ஒரு பங்கு குறைகிறது. அந்தக் குழந்தைகளுக்கும் மருந்து, ஆக்சிஜன் எல்லாம் கொடுத்துக்கொண்டேதான் இதைச் செய்தார்கள்.

அந்தப் பிள்ளையை நெஞ்சில் வைத்துக்கொண்டு நான் பதினெட்டு நாள் உட்கார்ந்திருக்கிறேன். நைனா தினமும் வந்து கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுப் போவார். "உள்ள வா நைனா" என்று ஒரு நாளும் நான் கூப்பிடவில்லை. இப்போது அந்தப் பேத்திதான் அவர் காலுக்கு எண்ணெய் தேய்க்கிறாள். அவளிடம் எந்தத் தயக்கமும் இல்லை. பேசிக்கொண்டே, பாட்டுப் பாடிக்கொண்டே செய்கிறாள்.

ரத்தம் உறையாமல் இருக்க ஒரு மாத்திரை, பிரஷருக்கு ஒன்று, கொழுப்புக்கு ஒன்று. எதையும் நிறுத்தவில்லை. பிசியோதெரபிக்கு வாரம் இரண்டு நாள் ஆட்டோவில் போய் வந்தோம். சுவரைப் பிடித்து நடக்கிறார். பத்துப் பதினைந்து வார்த்தை வந்திருக்கிறது. இதெல்லாம் எண்ணெய் செய்த வேலை என்று நான் சொல்லமாட்டேன். எண்ணெய் தேய்க்கும் நேரத்தில் நடப்பதை மட்டும் சொல்கிறேன். ஆரம்பத்தில் அவர் கோபத்தில் தட்டைத் தள்ளிவிடுவார், பயிற்சிக்கு வரமாட்டேன் என்று கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொள்வார். பத்து நிமிஷம் கையை வருடிவிட்டுப் பயிற்சி செய்யச் சொன்னால் செய்வார். எனக்கும் மாற்றம் இருந்தது. ஆபீஸில் இருந்து தலைவலியோடுதான் வருவேன். அவர் கை என் மடியில் இருக்கும்போது என் மூச்சும் நிதானப்பட்டுவிடும்.

போன வைகாசியில் சிரசுத் திருவிழா அன்று, தெருமுனையில் பம்பைச் சத்தம் கேட்கத் திண்ணையில் நாற்காலி போட்டு அவரை உட்காரவைத்தேன். நான் கீழே படியில் உட்கார்ந்திருந்தேன். புது லுங்கி. திருவிழாவுக்கு என்று கடையில் அவசரமாக எடுத்தது. முட்டிக்கு மேலே யாரோ துணியை இழுக்கிற மாதிரி இருந்தது. திரும்பிப் பார்த்தேன். வலது கை. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் லுங்கி ஓரத்தைப் பிடித்திருந்தன. மெதுவாக ஒருமுறை தேய்த்தார். நெற்றியைச் சுருக்கினார். இன்னொரு முறை தேய்த்தார்.

"மிஷினு" என்றார்.

"ஆமா நைனா, பவர்லூம்தான்" என்றேன். துணியை விட்டுவிட்டு, அந்தக் கையை என் தோளில் வைத்துக்கொண்டு அவர் தெருமுனையைப் பார்த்தார். சிரசு வந்து போகிறவரைக்கும் எடுக்கவில்லை.